இளஞ்சிவப்பில் இருக்கிறது விஷயம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் புற்றுநோய் ஓடிவிடும் என்கிற ரீதியில் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு மாடி வீட்டுத் தம்பி எனக்கு ஒரு பாட்டில் சீந்தில் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குப் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) புற்று, தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மார்க்கு 4+3. போன ஆடியில்தான் தெரிந்தது. தம்பியின் அன்பைக் குறை சொல்ல மாட்டேன். கட்டுரையோடுதான் எனக்கு வழக்கு.

31 வருடம் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவன் நான். மெழுகுக் கட்டியில் புதைத்த சதையை மைக்ரோடோமில் நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றுவது வேலை. ஹெமட்டாக்சிலின் செல்லின் உட்கருவை ஊதாவாக்கும்; மற்றதையெல்லாம் இயோசின் இளஞ்சிவப்பாக்கும். டாக்டர்களின் கண் ஊதாச் சுரப்பிகள் மேல்தான். அவை எவ்வளவு குலைந்திருக்கின்றன என்பதற்குப் போடுகிற மார்க்குதான் கிளீசன். நடுவில் கிடக்கிற இளஞ்சிவப்பு, சுரப்பிகளைத் தாங்கும் தசையும் நாரும். பீங்கான் சாமானுக்கு இடையில் திணிக்கிற வைக்கோல் மாதிரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

1999இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சோதனை செய்தார்கள். புற்றுக்குள்ளிருந்து நார்த்திசுச் செல்களை, அதாவது ஃபைப்ரோபிளாஸ்ட்களை எடுத்து, தாமாகக் கட்டியாகாத புராஸ்டேட் செல்களோடு கலந்து எலிகளில் வைத்தார்கள். கட்டி வளர்ந்தது. நல்ல சுரப்பியின் நார்செல்களைக் கலந்தபோது அப்படி வளரவில்லை. வைக்கோல் சும்மா கிடக்கவில்லை!

இந்த நார்செல்கள் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற பொருளைச் சுரக்கின்றன. புண் ஆறும்போது உடம்பு சுரக்கும் அதே சரக்குதான். கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் பின்னி இடத்தை இறுக்குவதும் இவைதான். புற்றைக் கொல்ல வரும் டி செல்கள், அதாவது நோய் எதிர்ப்புச் செல்கள், நார்க்காட்டிலேயே மாட்டிக்கொள்கின்றன. உள்ளே போனவையும் அந்தச் சரக்கில் மந்தமாகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, புராஸ்டேட் புற்றில் மரபணுப் பிழைகள் பொதுவாகக் குறைவு. டி செல்களுக்கு எதிரி இவன்தான் என்று காட்டிக்கொடுப்பது அந்தப் பிழைகள்தான்; ஆக, காட்டிக்கொடுக்க ஆளே கம்மி.

டி செல்களை முடுக்கிவிடும் மருந்து இபிலிமுமாப். மெலனோமா என்ற தோல் புற்றில் பெயர் வாங்கிய அது, எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுள்ள 799 பேரிடம் சோதிக்கப்பட்டு 2014இல் முடிவு வந்தது. பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், மருந்து பெற்றவர்களில் 11.2 மாதம், பெறாதவர்களில் 10. உறுதியான பலன் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஒரு காரணத்தை 2019இல் அமெரிக்காவில் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் பத்மனி சர்மாவின் குழு எலிகளில் காட்டியது: புற்று எலும்பை அரிக்கும்போது அதில் பொதிந்திருந்த டி.ஜி.எஃப்-பீட்டா வெளியேறி, டி செல்களை வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது. டி.ஜி.எஃப்-பீட்டாவைத் தடுத்து, இந்த வகை மருந்தையும் கொடுத்தபோது கட்டி அடங்கியது.

அப்படியானால் நார்செல்களை ஒழித்துக்கட்டினால் சரியா? அதுவும் இல்லை. கணையப் புற்று எலிகளில் அப்படிச் செய்து பார்த்ததில் நோய் இன்னும் மூர்க்கமானது. அதுவும் 2014தான்.

என் உடம்பில் நோய் எதிர்ப்புப் படையின் பலம் குறைந்துவிட்டது என்று கஷாயம் கொடுக்கிறார்கள். என் ஸ்லைடில் படை இருக்கிறது. இளஞ்சிவப்பில் திரள் திரளாக, சுரப்பிக்கு வெளியே நிற்கிறது. பழைய சகா ஒருவர் காட்ட, நானே லென்ஸில் பார்த்தேன். கஷாயம் ஃபிரிட்ஜில் கிடக்கிறது. சீந்திலால் ஈரல் கெட்ட சிலரைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதியது நினைவிருப்பதால் தொடவில்லை. தம்பியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கை முறுக்கிக் காட்டும் ஆளின் படத்துக்குப் பதிலாக ஒரு ஸ்லைடின் படத்தைப் போடுங்கள். கலரில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
மதுரை.