ஒரே படத்துக்கு எதற்கு ரெண்டு டிஸ்க்?

அன்புள்ள தம்பிக்கு,

போன முறை வந்தபோது அலமாரியைப் பார்த்துவிட்டு, "ஒரே படத்துக்கு எதுக்கும்மா ரெண்டு டிஸ்க்?" என்று கேட்டாய். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

அது 'ராபிட் டாக்ஸ்' என்ற இத்தாலியப் படம். மரியோ பாவா 1974இல் எடுத்தது. ஒரு கம்பெனியின் சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்தவர்கள் ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு, சிக்னலில் நின்ற காருக்குள் ஏறிவிடுகிறார்கள். காரில் போர்வை சுற்றிய ஒரு குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று காரோட்டி கெஞ்சுகிறார். அப்புறம் படம் முக்கால்வாசி அந்தக் காருக்குள்ளேயேதான். கொளுத்துகிற வெயில். முகத்தில் வேர்வை வழிவதைக் கேமரா அவ்வளவு கிட்டத்தில் காட்டும், நமக்கே மூச்சு முட்டும். நிழலையும் வண்ண விளக்குகளையும் வைத்துப் பேய்ப்படம் எடுத்துப் பேர் வாங்கியவர், இதில் பட்டப்பகலிலேயே நம்மை நடுங்க வைக்கிறார். முடிவைச் சொல்ல மாட்டேன். நீயே பார்.

ஆனால் தயாரிப்பாளர் திவாலாகிவிட, படம் அப்படியே முடங்கிப்போனது. பாவா 1980இல் இறந்தார். இது திரையில் ஓடியதை அவர் பார்க்கவேயில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது. கடத்தப்பட்ட பெண்ணாக நடித்த லியா லாண்டர் விடாமல் பாடுபட்டு, தொண்ணூறுகளின் நடுவில் மற்றவர்களோடு சேர்ந்து அதை வெளியே கொண்டுவந்தார். ஒரு நடிகை இருபது வருஷத்துக்கு முந்தின படத்துக்காக இப்படி அலைந்திருக்கிறாரே!

பிறகு பாவாவின் மகன் லாம்பெர்தோவும் இன்னொரு தயாரிப்பாளரும் சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்து, இசையையும் மாற்றி, 'கிட்நாப்ட்' என்று வேறொரு வடிவம் கொண்டுவந்தார்கள். என்னிடம் இருக்கும் ரெண்டில் ஒன்று பழையது, ஒன்று இது. இசை மாறியதில் அந்தக் காருக்குள் இருந்த புழுக்கமே குறைந்துவிட்டது. எனக்குப் பழையதுதான்.

சரி, ஒரு உதவி. இந்தப் படத்தின் முதல் டிவிடி 1998இல் நீ இருக்கும் ஜெர்மனியில்தான் வந்தது. லூசெர்டோலா மீடியா வெளியீடு. சேகரிப்பவர்கள் லேசில் கைவிட மாட்டார்கள். ஆனாலும் பழைய டிஸ்க் விற்கும் கடைப் பக்கம் போனால் ஒரு கண் வைத்துக்கொள். விலை கூடுதலாக இருந்தால் வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு போன் பண்ணு. கிடைத்துவிட்டால் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டு வா, உறை நசுங்கிவிடக் கூடாது.

அன்புடன்,
அம்மா