நெல் சுணையும் கருவிழிப் புண்ணும்: காவிரிப் படுகைச் சுகாதார அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களுக்கும் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கங்களுக்கும் வணக்கம்.

சம்பா அறுவடைக்கு முன்பாக, கருவிழிப் புண்ணைக் கண்டறிந்து மருந்து தொடங்குவதற்கான ஏற்பாடுகளை வட்ட மருத்துவமனை அளவிலேயே செய்து தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நம் பகுதிக் கண் முகாம்கள் கண்புரையை மையமாக வைத்தே நடக்கின்றன. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றும் இயந்திரத்தின் அருகே நிற்பவர்களைப் பாருங்கள்: மூக்கையும் வாயையும் துண்டால் இறுகக் கட்டியிருப்பார்கள், கண் மட்டும் பறந்து வரும் சுணைக்கு நேராகத் திறந்திருக்கும். உமியோ வைக்கோல் நுனியோ கருவிழியைக் கீறிவிட்டால், அந்தக் கீறல் வழியே பூஞ்சை உள்ளே இறங்கிவிடுகிறது.

மேலை நாடுகளில் இந்தப் புண் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ் அணிவோருக்கு வரும் பாக்டீரியத் தொற்று. தென்னிந்தியாவிலோ ஏறக்குறையப் பாதி பூஞ்சையால் வருவது. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு 1,00,000 பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற ஒரு கவுண்டியில் கண்ட அளவு 11தான். இதை இன வேறுபாடு என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது தொழிலும் தட்பவெப்பமும் தந்த வேறுபாடு.

உடலமைப்பால் வரும் வேறுபாடும் இல்லாமல் இல்லை. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபட்டு வரும் கண் அழுத்த நோய், ஐரோப்பியரைவிட ஆசியரிடம் அதிகம். ஆயினும், சீனாவின் குவாங்சோவில் 889 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு, கோணம் குறுகியிருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் நோய் வருமுன்பே லேசர் சிகிச்சை செய்ய வேண்டியதில்லை என்றே முடிவு கண்டது. ஆசியர் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மருத்துவம் செய்ய முடியாது என்பதற்கு ஆசியாவிலேயே கிடைத்த சான்று அது.

கருவிழிப் புண்ணுக்கான சான்றோ நம் வீட்டு வாசலிலேயே கிடைத்திருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், புதிதும் விலை கூடியதுமான வோரிகோனசோல் சொட்டு மருந்தைவிட, பழைய நாட்டமைசினே பூஞ்சைப் புண்ணுக்கு நல்ல பலன் தந்தது. ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையில் அந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருந்தது. அப்படியிருந்தும் ஊர்ப்புறத்தில் முதலில் கண்ணில் விழுவது விளக்கெண்ணெய், தாய்ப்பால், அல்லது மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து. இம்மூன்றில் கடைசியானதே எனக்கு அதிக அச்சம் தருகிறது. சிவப்பும் வலியும் குறைந்து நோயாளி நிம்மதியாக இருக்கும்போதே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும்.

புண்ணைச் சுரண்டி எடுத்த மாதிரியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இழைகள் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். இதற்கான பயிற்சியை வட்ட மருத்துவமனை ஆய்வகங்களுக்கு அளியுங்கள். 5 சதவீத நாட்டமைசின் அங்கேயே இருப்பில் இருக்கட்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்து விற்பனை குறித்து மருந்து ஆய்வாளர்களுக்கு அறிவுறுத்துங்கள். தூற்றுவோருக்கும் மூட்டை சுமப்போருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வழங்கும்படி நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு உங்கள் துறை எழுத வேண்டும். அக்கடிதம் தை பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.