எந்தப் பிரவுசரில் வந்தாலும் உள்ளே விடுங்கள்: மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையதளங்களை எழுதித் தரும் மென்பொருள் நிறுவனங்களுக்கும், 'குரோமில் ஓடினால் போதும்' என்று அங்கே முடிவெடுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. "தயவுசெய்து வேறு பிரவுசரைப் பயன்படுத்தவும்" என்ற அறிவிப்பை எழுதியவர்களே நீங்கள்தான். அதைப் படித்துப் படித்துச் சலித்துப்போனவர்களில் ஒருவன் நான். இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். சென்ற வாரம் நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு விண்ணப்பம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதே வேலையைச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர், முகவரி, படிப்பு, வேலை என்று பக்கம் பக்கமாக நிரப்பினேன். புகைப்படத்தை அவர்கள் கேட்ட அளவுக்குச் சுருக்கி, கையெழுத்தை ஸ்கேன் செய்து ஏற்றி, உறுதிமொழிக்கு எதிரே டிக் போட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால், 'சமர்ப்பி' பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. அழுத்தினால் அசையவில்லை. எங்கே தப்பு என்று தேடித் தேடி, மேலே ஒரு மஞ்சள் பட்டையில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் கண்டுபிடித்தேன்: "உங்கள் பிரவுசருக்கு ஆதரவு இல்லை. குரோமின் அண்மைப் பதிப்பைப் பயன்படுத்தவும்." நான் வைத்திருந்தது பயர்பாக்ஸ். பழையதும் அல்ல, புதுப்பித்த பதிப்பு. முந்தைய பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன், நிரப்பியதெல்லாம் காலி.

இதைவிடப் பெரிய எரிச்சல் அடுத்து வந்தது. பயர்பாக்ஸ் தன் பெயரைச் சொல்லும் வரியை மாற்றிக்கொள்ள ஒரு நீட்சி (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) இருக்கிறது. அதில் 'குரோம்' என்று தேர்ந்தெடுத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினேன். பொத்தான் நீல நிறத்துக்கு வந்தது. விண்ணப்பமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதே கணினி, அதே பயர்பாக்ஸ், அதே உங்கள் நிரல். மாறியது பெயர் ஒன்றுதான். ஆக, என் பிரவுசரால் முடியாத காரியம் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. வாசலில் நிற்கும் காவலாளி, உள்ளே வருபவரைப் பார்க்காமல் சட்டையில் குத்தியிருக்கும் பெயரை மட்டும் படித்துத் திருப்பி அனுப்புவது போன்ற ஒரு 'இஃப்' வரி, அதாவது 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற நிரல் வரி, அவ்வளவே. புகார் அனுப்பினேன். "கேஷையும் குக்கீயையும் அழித்துவிட்டு முயன்று பாருங்கள்" என்று பதில் வந்தது.

என் கோரிக்கை சிறியது: பெயரைப் பார்த்துத் தடுக்காதீர்கள்.

அந்தப் பெயர் எவ்வளவு நம்பத் தகுந்தது என்று உங்கள் புரோகிராமர்களைக் கேளுங்கள். குரோம் தன்னைப் பற்றி அனுப்பும் வரி 'மொசில்லா/5.0' என்று தொடங்கும். நடுவில் 'ஆப்பிள்வெப்கிட்' வரும். அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் 'கேஎச்டிஎம்எல், லைக் கெக்கோ' என்று இருக்கும். அப்புறம் தன் பெயர், கடைசியில் 'சஃபாரி'. குரோம் மொசில்லாவும் அல்ல, ஆப்பிளின் பிரவுசரான சஃபாரியும் அல்ல. பிறகு ஏன் இப்படி? 1990களில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசருக்கு நல்ல பக்கத்தையும் மற்றவற்றுக்கு மொட்டைப் பக்கத்தையும் கொடுத்த தளங்கள் இருந்தன. மொசில்லா என்பது நெட்ஸ்கேப் தன் பிரவுசருக்கு வைத்திருந்த உள்பெயர். எனவே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் தன்னை மொசில்லா என்று சொல்லிக்கொண்டது. பின்னால் வந்த கேஎச்டிஎம்எல் என்ற எஞ்சின் (பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதி), 'நானும் மொசில்லாவின் கெக்கோ எஞ்சின் மாதிரிதான்' என்றது. அதை வைத்து உருவான சஃபாரி அந்தச் சொற்களையும் சேர்த்துக்கொண்டது. 2008இல் வந்த குரோம் சஃபாரியின் பெயரையும் எடுத்துப் போட்டுக்கொண்டது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் இவை அத்தனையையும் ஒப்பித்துவிட்டு, கடைசியில் மெல்லத் தன் பெயரைச் சொல்கிறது. தளங்கள் பெயர் கேட்டதால் முப்பது வருடமாகச் சேர்ந்த பொய்கள் இவை. இந்த வரியை நம்பித்தான் என் விண்ணப்பத்தை நிறுத்தினீர்கள்!

விவால்டி என்ற பிரவுசரின் கதை இன்னும் வேடிக்கை. அதற்குள் ஓடுவது குரோமின் அதே எஞ்சின். ஆனாலும் பெயர் வேறாக இருந்ததால் தளங்கள் அதையும் தடுத்தன. 2019 டிசம்பரில் அவர்கள் பொறுத்தது போதும் என்று, பெரும்பாலான தளங்களிடம் தங்களைக் குரோம் என்றே சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் உள்ளே விட மாட்டார்கள், பொய் சொன்னால் விடுவார்கள். ஐபோன் பக்கம் போனால் இன்னொரு கூத்து. அங்கே நாம் குரோம் என்று நினைத்துத் திறப்பதன் உள்ளே ஓடுவது ஆப்பிளின் எஞ்சினான வெப்கிட். அங்கே 'குரோம் மட்டும்' என்பதற்கு என்ன பொருள் என்று உங்களில் யாராவது சொன்னால் தெரிந்துகொள்வேன்.

"எல்லாப் பிரவுசரிலும் சோதித்துப் பார்க்க நேரமில்லை, பட்ஜெட் இல்லை" என்பீர்கள். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது, இப்போது இல்லை. உலகத்தில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் எஞ்சின்களே குரோமின் பிளிங்க், சஃபாரியின் வெப்கிட், பயர்பாக்ஸின் கெக்கோ என மூன்றுதான். மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட் என்ற சோதனைக் கருவி, ஒரே சோதனையை மூன்றிலும் ஓட்டிக் காட்டுகிறது, காசும் கேட்பதில்லை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை 2022 முதல் ஆண்டுதோறும் 'இன்டெராப்' என்ற பெயரில் சேர்ந்து உட்கார்ந்து, எந்தெந்த அம்சங்கள் எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சரிசெய்கின்றன. ஒருவரை ஒருவர் விழுங்கக் காத்திருக்கும் நிறுவனங்களே இதில் ஒன்றாக உட்காரும்போது, உங்களுக்கு மட்டும் என்ன தடை?

பயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் 'அபௌட்:காம்பேட்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். எந்தெந்தத் தளங்களுக்காக அந்தப் பிரவுசர் தன் பெயரை மாற்றிச் சொல்கிறது, எந்தத் தளத்தின் நிரலை ஒட்டுப்போட்டுச் சரிசெய்கிறது என்ற பட்டியல் வரும். வெப்கிட்டின் மூலநிரலிலும் இதே வேலைக்கென்று ஒரு கோப்பு உண்டு. நீங்கள் விட்ட பிழைகளை இன்னொருவர் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறார். ஒரு முறை அந்தப் பட்டியலில் உங்கள் தளம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

'குரோமைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது, இதற்கு இவ்வளவு பேச்சா' என்று உங்களுக்குத் தோன்றலாம். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ உரிமை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பார்வையற்றவர்கள் தங்கள் திரைவாசிப்பானுடன் பழகிய பிரவுசரை ஒரு மஞ்சள் பட்டைக்காக மாற்றிக்கொள்ள முடியாது. அப்புறம், மானிஃபெஸ்ட் வி3 என்று நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானின் முழு வடிவம் குரோமில் ஓடாமல் போனது. விளம்பரத் தொல்லை தாங்காமல் பயர்பாக்ஸுக்கு வந்தவர்களும் உண்டு. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். சும்மா பிடித்திருக்கிறது என்பதும் நியாயமான காரணம்தான்.

ஒரே பிரவுசருக்காகக் கட்டினால் என்ன ஆகும் என்பதும் நாம் பார்க்காததல்ல. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001இல். போட்டியே இல்லை என்ற தெம்பில், அடுத்த பதிப்பை 2006 வரை மைக்ரோசாஃப்ட் வெளியிடவில்லை. அதற்கென்றே எழுதப்பட்ட தளங்களை ஓட்டுவதற்காக, அந்தப் பிரவுசர் 2022இல் ஓய்வுபெற்ற பிறகும் எட்ஜுக்குள் 'ஐஇ மோட்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். 2029 வரையாவது அதற்கு ஆதரவு தருவார்களாம். அன்று 'எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால் சிறப்பு' என்று எழுதிய அதே கைகள் இன்று குரோமின் பெயரை எழுதுகின்றன. ஓபரா 2013இல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டது. எட்ஜ் 2020இல் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது. மிச்சம் இருப்பவற்றையும் ஒழித்துக்கட்ட உங்கள் மஞ்சள் பட்டைகள் தம்மால் ஆனதைச் செய்கின்றன.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். படம் காட்டும் தளங்களும் உங்கள் கைவேலைதானே? சந்தா கட்டியவன் கணினியில் ஒரு அனிமேஷன் படத்தைப் போடுகிறான். ஒரு மிருகத்தின் ரோமத்தை இழை இழையாகக் கணக்குப் போட்டு உருவாக்கிய படம், ஏதோ கம்பளியைப் போர்த்திவிட்டது போல மங்கலாக வருகிறது. இணைய வேகத்தில் குறையில்லை. அவனுடைய பிரவுசரிலும் இயங்குதளத்திலும் உள்ள நகல் தடுப்புப் பூட்டு, ஸ்டுடியோக்கள் கேட்கும் அளவுக்குக் கெட்டியாக இல்லையாம். அதனால் தெளிவைக் குறைத்துவிட்டீர்கள். இந்தப் பூட்டுக்கான இடைமுகத்தை, வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2017இல் தரமாக ஏற்றபோது, இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அந்த அமைப்பை விட்டே வெளியேறியது. திருட்டு நகல் பார்ப்பவனுக்கு முழுத் தெளிவு, காசு கொடுத்தவனுக்கு மங்கல். பிரமாதமான வியாபாரம்.

ஆனாலும் ஸ்டுடியோக்களை முழுக்கத் திட்ட மனம் வரவில்லை. படத்துக்குப் பூட்டுப் போடும் அவர்கள், படத்தை உருவாக்கும் கருவிகளில் தாராளமாக இருக்கிறார்கள். புகையையும் மேகத்தையும் சேமித்து வைக்கும் ஓபன்விடிபியை டிரீம்வொர்க்ஸ் 2012இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அமைத்த காட்சியைப் படமாக்கித் தரும் தன் மூன்ரே ரெண்டரரை 2023இல் கொடுத்தது. ஒரு மென்பொருளில் அமைத்த காட்சியை இன்னொன்றில் சிதறாமல் திறக்க உதவும் யுஎஸ்டியைப் பிக்சார் 2016இல் வெளியிட்டது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய படம், பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவானது. போட்டி ஸ்டுடியோக்களுக்குள் கோப்புகள் தடையில்லாமல் போய்வருகின்றன. வலையோ பிறக்கும்போதே பொதுவாகப் பிறந்தது. அது பிறந்த ஆய்வகமான செர்ன் அதை 1993 ஏப்ரல் 30 அன்று எல்லோருக்கும் இலவசம் என்று எழுதிக் கொடுத்தது. அதில் வேலி போட்டுக்கொண்டிருப்பவர்கள் நீங்கள்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

பிரவுசரின் பெயரைப் பார்த்துத் தடுக்காதீர்கள். உங்கள் பக்கத்துக்கு ஏதாவது ஒரு அம்சம் கட்டாயம் வேண்டுமென்றால், அது இருக்கிறதா என்று நேராகச் சோதியுங்கள். ஜாவாஸ்கிரிப்டிலும் சிஎஸ்எஸ்ஸிலும் அதற்கு வழி இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏதாவது ஒரு பிரவுசரில் சோதிக்கவில்லை என்றால், "இதில் நாங்கள் சோதிக்கவில்லை" என்று எழுதிவிட்டு உள்ளே விடுங்கள். ஓடாவிட்டால் நாங்களே வேறு வழி பார்த்துக்கொள்கிறோம். அதற்கும் மனம் இல்லையென்றால், அந்த அறிவிப்பையாவது முதல் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் பொத்தானைச் சாம்பலாக்கி வைக்காதீர்கள்.

மாற்றினால் அறிவிப்போ மின்னஞ்சலோ எனக்கு வேண்டாம். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
குரோம் என்று பொய் சொல்லி உள்ளே வந்த ஒரு பயர்பாக்ஸ் பயனர்