ஒன்பதாவது வளைவில் நின்ற வண்டி

அன்புள்ள மாப்ளே,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி பழையபடிதான், சொட்டை அந்த ஐந்நூறு ரூபாயை இன்னும் தரவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு வரைக்கும் வண்டி அம்சமாக ஓடியது. மேலே மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, ஒன்பதாவதிலேயே என்ஜின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. கீழே அணை தெரிகிறது, பிள்ளைகள் வரையாட்டைப் பார்த்துக் குதிக்கிறார்கள், நானோ பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடிமேல் துணியைப் போட்டுக் கையை வைத்துவிட்டேன். சட்டென்று உன் மணிக்கட்டுத் தழும்பு ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டேன். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது, திறந்த நொடியில் ஆவியாகி மூஞ்சியில் அடிக்கும் என்று அன்றைக்கு நமக்கு யார் சொன்னார்கள்? உன்னை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போனோமே, அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. அன்று சிரித்ததற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

சரி. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, திரும்பி வந்தோம். மெக்கானிக் எட்டிப் பார்த்த வேகத்தில், ஹெட் கேஸ்கெட் (என்ஜினுக்குள் தண்ணீர், ஆயில், புகை ஒன்றோடொன்று கலக்காமல் அடைக்கிற தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்றணும், 20,000 ஆகும் என்றார். என்னைச் சந்தேகப் பிராணி என்பாயே, அது உதவியது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், பால் கலந்த நிறம் இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. ஆறின வண்டியில் ரேடியேட்டரைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன், குமிழி வரவில்லை. சூடேறினதும் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டுமே சுட்டன, அப்படியானால் தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) திறக்கிறது, தண்ணீரும் சுற்றுகிறது. ஃபேனும் ஓடுகிறது. அப்புறம் என்னதான் கேடு?

யோசித்தால், 60-இல் போகும்போது முள் பாதியைத் தாண்டுவதே இல்லை, சிக்னலில் நின்றாலோ மேட்டில் ஊர்ந்தாலோதான் ஏறுகிறது (வெயில் என்று நானே விட்டிருந்தேன், அதைச் சொல்லிக் காட்டாதே). வேகமாகப் போனால் காற்று தானாக வரும், நின்றால் ஃபேன்தான் இழுக்கவேண்டும். பையனின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் பறந்து வந்து என் நெஞ்சில் அடித்தது மாப்ளே! ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. அதற்கு முந்தின மாதம் மோட்டார் மாற்றியபோது, சாக்கெட் பொருந்தாமல் ஒயரை வெட்டி முறுக்கி டேப் ஒட்டியிருக்கிறார்கள், பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போச்சு. என்ஜின் சூட்டையே அள்ளி ரேடியேட்டருக்கு விசிறிக்கொண்டிருந்திருக்கிறது, இத்தனை நாளும்! இரண்டு ஒயரையும் மாற்றி முறுக்கினேன், புது டேப் மட்டும்தான் செலவு. நோட்டைக் கிழித்ததற்குப் பையன் இன்னும் முறைக்கிறான்.

பொங்கலுக்கு வருகிறாயா? 40 வளைவையும் ஏறிப் பார்த்துவிடலாம். எதற்கும் இருக்கட்டும் என்று டிக்கியில் இரண்டு கேன் தண்ணீர் போட்டு வைத்திருக்கிறேன். ரேடியேட்டர் பக்கம் மட்டும் உன்னை விடமாட்டேன்.

உன்,
சந்தேகப் பிராணி