டைல்ஸுக்குப் பணம் அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டி முதல் வாலிநோக்கம் வரை நம் கடலோர ஊர்களில், பிள்ளைகள் துபாயிலோ சவுதியிலோ மலேசியாவிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் குடியிருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பிள்ளைகளுக்கு முதலில் நினைவு வருவது அந்த வீட்டுப் பழைய பாத்ரூம். வேலை முழுக்க வாட்ஸ்அப்பில் நடக்கிறது. பளபளவென்று டைல்ஸ் ஒட்டிய படம் வந்ததும் மிச்சப் பணமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடுத்த வாடை மழைக்குள் பக்கத்து அறைச் சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் பொரிந்து நிற்கும். கொத்து வேலையும் குழாய் வேலையும் பார்க்கிறவர்கள் என்ற முறையில் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பணத்தைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்குங்கள், டைல்ஸுக்கு அடியில் போகிறதில் சுருக்காதீர்கள்.

நம் பக்கத்தில் பாத்ரூமைக் கெடுப்பது தண்ணீரோடு சேர்ந்து வரும் உப்பு. கசிகிற தண்ணீர் செங்கலிலும் பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரின் வெளிப்பக்கம் வரும். அங்கே தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் பூத்து நிற்கும். பூக்கும்போது அது பருத்துப் பூச்சை உள்ளிருந்து தள்ளும். அதனால்தான் மேலே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உரிகிறது. கூரைக் கம்பிக்கும் இதே கதிதான். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

இந்த உப்பில் பெரும்பங்கை நாமே கலவையில் போட்டுக் கொடுக்கிறோம். கொல்லைக் கிணற்று நீரையோ போர் தண்ணீரையோ ஊற்றிக் கலவை போடுவதுதான் முதல் தப்பு. கம்பி உள்ள காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. கடலோரக் கிணறுகள் பலவற்றில் வாயில் வைத்தாலே உப்பு கரிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்துக்கு ஏழடி பாத்ரூம் ஒன்றுக்குச் சுவர்ப் பூச்சும் தரைத்தளமும் சேர்த்து நான்கு மூட்டை சிமெண்ட் போதும். மூட்டைக்கு 25 முதல் 28 லிட்டர் தண்ணீர் என்றால் மொத்தம் 110 லிட்டர். அதாவது 200 லிட்டர் டிரம் ஒன்றில் பாதிக்குச் சற்று மேல். குடிநீர் லாரியில் ஒரு டிரம் வாங்கி வைக்கிற செலவுக்குத் தயங்கி, மொத்த வேலையையும் உப்புக்குக் கொடுக்கிறோம். பூச்சு நனைக்கவும் அதே நல்ல தண்ணீர்தான் வேண்டும், அதற்கு இன்னும் இரண்டு மூன்று டிரம் வைத்துக்கொள்ளுங்கள். மணலுக்கும் இதே கவனம் தேவை. கடற்கரை மணலை இருமுறை அலசிவிட்டோம் என்று யார் சொன்னாலும் வேண்டாம், எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) வாங்குங்கள். பூச்சுக்கென்று தனியாகச் சலித்த எம்-சாண்ட் கிடைக்கிறது.

இனி, எங்கே மிச்சம் பிடிக்கலாம்? சுவர் டைல்ஸில் பிடிக்கலாம். ஐந்துக்கு ஏழு அறையின் சுற்றளவு 24 அடி. இரண்டரை அடி வாசலைக் கழித்து, ஏழடி உயரத்துக்கு ஒட்டினால் சுமார் 150 சதுர அடி ஆகும். குளிக்கும் மூலையில் எட்டடி நீளச் சுவருக்கு மட்டும் ஏழடி உயரமும், மற்ற இடத்தில் நான்கடி உயரமும் வைத்தால் 110 சதுர அடியில் முடியும். நாற்பது சதுர அடி டைல்ஸும் அதற்குரிய ஒட்டுக்கூலியும் மிச்சம். அந்தப் பணம் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்குப் போகட்டும். டைல்ஸ் வாங்கும்போது வெட்டு, உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டி, ஒரே லாட் எண்ணில் வாங்குங்கள். பெட்டிக்குப் பெட்டி நிறம் மாறும். தரைக்குச் சொரசொரப்பான ஒன்றுக்கு ஒன்று அடி டைல்ஸ் போதும். பெரிய டைல்ஸாக எடுத்தால் சின்னத் தரையில் வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) கொடுக்க வராது.

பழைய டைல்ஸ் மேலேயே புதிதாக ஒட்டிவிடலாம் என்ற யோசனை மலிவாகத்தான் தெரியும். ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பாருங்கள். எங்கும் கெட்டியாகச் சத்தம் வந்து, பக்கத்துச் சுவரில் ஓதமும் இல்லையென்றால் சுவருக்குச் செய்யலாம். பத்தில் ஒன்று டொப்பென்று கேட்டாலும், ஓதம் கொஞ்சம் தெரிந்தாலும் கொத்தி எடுத்துவிடுவதுதான் சரி. தரைக்கு இந்த வழியே வேண்டாம். தரை அரை அங்குலம் உயர்ந்து, தண்ணீர் வாசலைத் தாண்டி அறைக்குள் வரும்.

கொத்தி எடுத்த தரையைத் தூசி இல்லாமல் கழுவி, தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் உருட்டிவிட வேண்டும். செங்கோணமாக விட்டால் அந்த மூலையில்தான் பூச்சில் முதலில் விரிசல் விழும். அதன்மேல் நீர்க்கசிவைத் தடுக்கும் சிமெண்ட்-பாலிமர் பூச்சு இரண்டு கோட்டு. முதல் கோட்டு நெடுக்காட்டம் என்றால் இரண்டாவது குறுக்காட்டம். இடையில் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காத்திருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. சுவரில் எங்கும் ஓரடி உயரம், குளிக்கும் மூலையில் ஆறடி உயரம் ஏற்றுங்கள். நானி டிராப் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) தரையில் உட்காரும் இடம்தான் அதிகம் கசியும். பைப்பைச் சுற்றிச் சாதாரணக் கலவையை அடைத்தால் காய்ந்ததும் சுருங்கி, முடி அளவு இடைவெளி விடும். சுருங்காத கிரவுட் (இடைவெளி அடைக்கும் கலவை) வைத்து, பூச்சை டிராப்பின் உதடு வரை இழுத்துவிடச் சொல்லுங்கள்.

பூச்சு காய மூன்று நாளாவது விட்டபின் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு கட்டத்தைத் தவறவிடவே கூடாது. டிராப்பை மணல் கட்டிய பாலித்தீன் பையால் அடைத்து, வாசலில் ஒரு வரி செங்கல் வைத்து அணை கட்டி, இரண்டு அங்குலம் நிற்கும்படி ஊற்றினால் சுமார் 165 லிட்டர் பிடிக்கும். சுவரில் நீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரை வைத்து அதிலும் கோடு போடுங்கள். 48 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது. தரையில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. வாளி வைக்காவிட்டால், "வெயிலுக்கு வத்தியிருக்குங்க" என்ற பதிலை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. தண்ணீர் நிற்கும்போது கீழ்த்தளக் கூரையையும் பக்கத்து அறைச் சுவரையும் கையால் தொட்டுப் பார்க்க வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் விடுமுறை நாளில் இரண்டாம் நாள் விழுகிற மாதிரி தண்ணீர் கட்டச் சொன்னால் வீடியோவில் நீங்களே பார்க்கலாம்.

அதற்குமேல் போடும் தளத்தில் வாட்டம் ஏழடிக்கு ஒரு அங்குலம் இருக்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் தண்ணீர் தேங்கி, காய்ந்த இடத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படியும். கூடினால் வயதானவர்களுக்குக் கால் வழுக்கும். டைல்ஸ் ஒட்டப் பல் கரண்டியால் பசையை முழுக்க இழுத்து ஒட்ட வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து அழுத்தினால் நடுவில் பொள்ளல் (வெற்றிடம்) விழும். அதில் தண்ணீர் தங்கும், வாளி விழுந்தால் டைல்ஸ் உடையும். இணைப்புகளில் வெள்ளை சிமெண்ட் வேண்டவே வேண்டாம், சீக்கிரம் உதிர்ந்துவிடும். எபாக்ஸி கிரவுட் விலை அதிகம். ஆகவே தரைக்கும் குளிக்கும் மூலைக்கும் மட்டும் அதைப் போட்டு, மற்ற சுவருக்குப் பாலிமர் கிரவுட் போடுங்கள்.

குழாய் வேலையில் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைச் சுவருக்குள் விட்டுவைக்காதீர்கள். பிளாஸ்டிக் பைப்பில் சுடுதண்ணீருக்கு சி.பி.வி.சி., பச்சைத் தண்ணீருக்கு யு.பி.வி.சி. இரண்டுக்கும் பசை வேறு வேறு. ஒரே டப்பாவை இரண்டுக்கும் பூசினால் அந்த மூட்டுகள்தான் பின்னால் விடும். பசை காய ஒரு நாள் விட்டு, சுவரை மூடும் முன் கைப் பம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். "மாடித் தொட்டியைத் திறந்து விட்டோம், கசியலை" என்பது சோதனை ஆகாது. பத்தடி உயரத் தொட்டி கொடுக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோதான். பிற்பாடு பிரஷர் பம்ப் வைத்தால் அப்போது தெரியும் எந்த மூட்டு சரியில்லை என்று.

இதே காரணத்தால், லக்கேஜில் ஷவரும் மிக்சரும் வாங்கி வருவோருக்கு ஒரு சொல். அங்கே உயரமான கட்டடங்களில் பம்ப் அழுத்தத்துக்குச் செய்த பெரிய மழை ஷவர், நம் மொட்டை மாடித் தொட்டியின் அழுத்தத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். துளைகள் ரப்பராக இருந்தால் படியும் உப்பை விரலால் தேய்த்தே எடுத்துவிடலாம். கைப்பிடி, ஸ்க்ரூ, டவல் கம்பிக்கு 304 ரக ஸ்டீலாவது வேண்டும். கடல் காற்று நேராக அடிக்கும் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் 316 ரகம் நின்று உழைக்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி தேவைப்பட்டது என்றால், முலாம் பூசிய மலிவுச் சாமான் நம் பாத்ரூமில் எத்தனை நாள் தாங்கும்? கதவுக்குப் பி.வி.சி. அல்லது டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போதும். இரும்பு நிலை வேண்டாம்.

கொமோடு வாங்கும் முன் அளவு. கழிவு தரைக்குள் இறங்கும் எஸ் டிராப் வகை என்றால், சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடு வரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒன்பது அங்குலத்துக்கும் பன்னிரண்டு அங்குலத்துக்கும் வெவ்வேறு கொமோடு. பூச்சுச் சுவரிலிருந்து அளந்து ஆர்டர் போட்டு, பிறகு டைல்ஸ் ஒட்டியதும் முக்கால் அங்குலம் குறைந்து கொமோடு உட்காராமல் நிற்பது அடிக்கடி நடக்கிற கூத்து. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இருக்கை உயரம் 17 முதல் 19 அங்குலம் இருக்கட்டும். பக்கத்துச் சுவரில் 33 முதல் 36 அங்குல உயரத்தில் பிடிகம்பி. அதைத் தாங்கும் ஆங்கர், பூச்சில் இல்லாமல் செங்கலில் இறங்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

கீசருக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், எர்த் வயர், வீட்டு போர்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றில் ஒன்றுகூடக் குறையக் கூடாது.

கூரையில் கம்பி தெரிந்தால் அதைப் பி.வி.சி. சீலிங் போட்டு மறைக்கக் கேட்காதீர்கள். உதிரும் காங்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்துபோயிருந்தால் எங்களைப் போன்றவர்கள் முடிவு சொல்லக் கூடாது, பொறியாளரை அழைக்க வேண்டும்.

எல்லாம் முறையாகச் செய்ய இருபது நாள் ஆகும். ஏழு நாளில் முடிக்கிறேன் என்கிறவர் பூச்சு நனைக்கும் நாளையும் தண்ணீர் கட்டும் நாளையும் சாப்பிட்டுவிடுவார். வீட்டில் ஒரே கழிப்பறை என்றால் அந்த இருபது நாளுக்கு அம்மா அப்பா எங்கே போவார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டைக் கேட்பதோ சொந்தக்காரர் வீட்டில் விடுவதோ கடைசி நேரத்தில் ஆகாது. வேலையை வாடைக்கு முன், புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி செப்டிக் டேங்க் வாங்காமல் எதிர்த்து வரும், பூச்சும் காயாது.

கூலியை டைல்ஸுக்குச் சதுர அடிக் கணக்கிலும் குழாய்க்குப் பாயிண்ட் கணக்கிலும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். சாமான் பணத்தைக் கடைக்கே நேரடியாகப் போடுங்கள். கூலியில் முன்பணம் இருபது சதவீதம், பைப் அழுத்தச் சோதனை முடிந்ததும் முப்பது, தண்ணீர் கட்டி நின்றதும் இருபது, டைல்ஸ் முடிந்ததும் இருபது. சுவரை மூடும் முன், "அண்ணே, டேப்பை மூலையில வச்சு நீட்டி, பைப்பும் நம்பரும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுங்க" என்று கேட்டு நான்கு சுவரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பிடிகம்பிக்கோ கண்ணாடிக்கோ ஓட்டை போடும்போது பைப்பில் விழாமல் காப்பது அந்தப் படம்தான். மிச்சம் பத்து சதவீதத்தை முதல் பெருமழை முடியும்வரை கையில் வைத்திருப்பதாக முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

வீட்டைப் பூட்டிவிட்டு அனைவரும் வெளியூர் போவதானால், நானி டிராப்பில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் இருக்கும்வரை டிராப்பில் நீர் வற்றாது, கழிவு நாற்றமும் கரப்பானும் மேலே வராது.

இப்படிக்கு,
கொத்தனாரும் பிளம்பரும்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்