சித்திக்கு, நீங்க பாதியில திருப்பிக் குடுத்த புக்க பத்தி

அன்புள்ள சித்திக்கு,

நேத்து ராத்திரி தான் பைய பிரிச்சு 'தி ஷைனிங் கேர்ள்ஸ்' புக்க எடுத்து பாத்தேன். ஆரம்பத்துலயே ஒரு பக்கத்துல டவுன் பஸ் டிக்கெட்ட மடிச்சு சொருகி வச்சிருந்தீங்க, ஓரத்துல லேசா மஞ்ச கறை, சமையல் நடுவுல படிச்சிருக்கீங்கன்னு புரிஞ்சுது, அதோட மூடிட்டீங்கன்னும் புரிஞ்சுது. "ஒருத்தன் பொட்டப்புள்ளைங்கள தேடித்தேடி கொல்றான், இத காசு குடுத்து வாங்கி படிக்கணுமா"ன்னு அம்மாகிட்ட கேட்டீங்களாமே. போன்ல பேசினா நீங்க பேச்ச மாத்திடுவீங்க, அதான் எழுதறேன்.

மொதல்ல ஒன்னு, உங்க கேள்வி நியாயம். எனக்கும் அதே கேள்வி பல வருஷமா இருக்கு. அது எங்க ஆரம்பிச்சதுன்னும் தெரியும்.

1995 ஏப்ரல்ல எனக்கு எட்டு வயசு, முழாண்டு லீவு, அஸ்தம்பட்டில உங்க வீட்டுல தான் இருந்தேன். ஆட்டோ சங்கர நம்ம சேலம் ஜெயில்ல தூக்குல போட்டாங்க. அந்த வாரம் முழுக்க தெருவுல வேற பேச்சே இல்ல, டீக்கடையில, தண்ணி குழாய்ல, கோயில் திண்ணையில எல்லாம் அவன் பேரு தான். எங்க செட்டு பசங்க ஜெயில் சுவத்துக்கிட்ட வந்தா மூச்ச புடிச்சுக்கிட்டு ஓடுவோம், மூச்சு விட்டா அவன் ஆவி புடிச்சுக்கும்னு ஒருத்தன் கெளப்பி விட்டிருந்தான். எனக்கு இன்னைக்கும் அந்த சுவரு பக்கம் போனா நெஞ்சு ஒரு நிமிஷம் இறுகும். ஆனா சித்தி, அவனால செத்தவங்க பேரு ஒன்னாவது அன்னைக்கு நம்ம தெருவுல யாராவது சொன்னாங்களா? எனக்கு முப்பது வயசு தாண்டின அப்புறம் தான் ஒரு நாள் உக்காந்து தேடி படிச்சேன். ஆறு கொலைக்கு தண்டனை, ஆறு பேருக்கும் பேரு இருக்கு, வீடு இருந்திருக்கு. படிச்சு முடிச்சு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

நீங்க வேண்டாம்னு வச்ச புக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, அதான் இவ்ளோ தூரம் சுத்தறேன்.

லாரன் பியூக்ஸ்னு ஒரு தென்னாப்பிரிக்க எழுத்தாளர், 2013ல வந்த நாவல், 'தி ஷைனிங் கேர்ள்ஸ்'. கதை நடக்கறது அமெரிக்காவுல சிகாகோ. 1931, ஊரே வேலையில்லாம பட்டினி கெடக்கற காலம், ஹார்ப்பர்னு ஒரு நாடோடி, அவன் கையில ஒரு வீட்டு சாவி கெடைக்குது. வெளிய பாத்தா பாழடைஞ்ச வீடு. உள்ள போயி கதவ தொறந்தா அவனுக்கு வேணுங்கற வருஷம் வெளிய நிக்கும், 1943, 1972, 1989, கடைசி எல்ல 1993. மாடியில ஒரு ரூம், சுவரு பூரா பொண்ணுங்க பேரு, அது அவன் கையெழுத்துலயே இருக்கு, அவன் இன்னும் எழுதவே இல்ல, ஆனா எழுதியாச்சு. அந்த எடத்த ஏற்காட்டுல என் ரூம்ல ராத்திரி கரண்ட் போயி டார்ச் வெளிச்சத்துல படிச்சேன், வெளிய சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்ட மிளகு கொடி காத்துக்கு ஓட்டுல உரசுது, ஜன்னல்ல வெறும் பனி தான், எதிர்ல இருக்கற காப்பி தோட்டம் கூட தெரியல. புக்க மூடி தலகாணிக்கு அடியில வச்சிட்டு விடியறவரைக்கும் தூங்காம கெடந்தேன்.

நீங்க நிறுத்தின எடம் வரைக்கும் அவன் கூட தான் கதை போவுது, அதனால இது அவன் கதைன்னு நெனச்சிட்டீங்க. கொஞ்சம் தாண்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். கொல்லப்படற ஒவ்வொரு பொண்ணுக்கும் தனி அத்தியாயம் இருக்கு, அவ என்ன வேலை பாக்கறா, வீட்டுல யாரு, எதுக்கு பயப்படறா, நாளைக்கு என்ன பண்ணலாம்னு நெனச்சிட்டு இருக்கா, எல்லாம் வந்துடும். அவன் உள்ள நொழையும்போது நமக்கு வர்றது திகில் மட்டும் இல்ல, நம்ம வீட்டு ஆள புடுங்கிட்டு போற மாதிரி இருக்கு.

ஜோரான்னு ஒருத்தி வர்றா. கறுப்பின பொண்ணு, புருஷன் போருல செத்துட்டான், நாலு கொழந்தைங்க, 1943ல செனிக்காங்கற ஊருல கப்பல் கட்டற எடத்துல வெல்டிங் வேலை. அந்த ஊரும் அந்த கப்பல் பட்டறையும் நெசம் சித்தி, கடலே இல்லாத எடம், இல்லினாய் ஆத்தங்கரையில சோளக்காட்டுக்கு நடுவுல ரெண்டாம் உலகப்போருக்காக 157 கப்பல் கட்டி ஆத்து வழியா கடலுக்கு அனுப்பியிருக்காங்க, நெறைய பொம்பளைங்க வேலை பாத்திருக்காங்க. நம்ம ஸ்டீல் பிளான்ட் ஊருல வளந்தவளுக்கு அந்த வெல்டிங் பொறி, அந்த இரும்பு வாடை எல்லாம் படிக்கும்போதே மூக்குல ஏறுது. அவ செத்த அப்புறம் அவகிட்ட கெடைக்கறது ஹார்ப்பர் வேற வருஷத்துலேந்து எடுத்துட்டு வந்து போட்ட ஒரு பேஸ்பால் கார்டு, ஜாக்கி ராபின்சன்ங்கற கறுப்பின ஆட்டக்காரர் படம் போட்டது. ராபின்சன் டாட்ஜர்ஸ் டீமுக்கு ஆட வந்தது 1947ல, அது வரைக்கும் அந்த பெரிய லீக்ல கறுப்பின ஆளுங்கள பல வருஷமா சேக்கவே இல்ல. நாலு வருஷம் கழிச்சு வரப்போற ஒரு நல்ல காலத்தோட துண்டு அவ பொணத்துக்கிட்ட கெடக்கு, அவ அத பாக்கப் போறதில்ல. போலீசுக்கு அந்த கார்டுக்கு அர்த்தமே புரியாது, நமக்கு மட்டும் தான் புரியும். அந்த பக்கத்துல நான் அழுதேன்.

இன்னொருத்தி ரேடியம் பூசிக்கிட்டு ஆடற டான்ஸர், 1932, இருட்டு மேடையில ஒடம்பு மின்னும். அதுவும் சும்மா கற்பனையில இருந்து மட்டும் வரல. சிகாகோவுக்கு கிட்ட ஒட்டாவாங்கற ஊருல வாட்ச் டயலுக்கு ரேடியம் பெயின்ட் அடிச்ச பொண்ணுங்க, முனை கூரா வரணும்னு பிரஷ்ஷ ஒதட்டுல வச்சு வச்சு தீட்ட சொல்லியிருக்காங்க, தாடை எலும்பு அரிச்சே நெறைய பேரு செத்தாங்க. கொலகாரன் வர்றதுக்கு முன்னாடியே அந்த டான்ஸர ரேடியம் உள்ளுக்குள்ள தின்னுட்டு தான் இருக்கு. பேய் வீடு இல்லாமலே பொண்ணுங்கள கொன்னவங்க இருக்காங்கன்னு அந்த அத்தியாயம் சத்தமில்லாம சொல்லிட்டு போவுது.

அப்புறம் கிர்பி. தப்பிச்சவ. 1989ல அவன் குத்திப்போட்டும் பொழச்சிட்டா, அவ நாய் தான் காப்பாத்துச்சு. (அந்த பக்கங்கள நீங்க தாண்டிடுங்க, ரொம்ப ரத்தம், எனக்கே வயித்த பெரட்டிச்சு, அவ்ளோ விவரமா எழுதியிருக்க வேண்டியதில்லன்னு தான் இன்னமும் நெனக்கிறேன்.) அவ ஒரு பேப்பர் ஆபீஸ்ல சேந்து பழைய கேஸ் கட்டெல்லாம் பொரட்டி அவன தேடறா. வருஷம் முன்ன பின்ன தாவிட்டே இருக்கும், காலண்டர் தாள் பின்னாடி எந்த வருஷம் யாருன்னு எழுதி வச்சுக்கிட்டு தான் படிச்சேன், அந்த தாள உள்ளயே வச்சிருக்கேன். அந்த வீடு எங்கேருந்து வந்துச்சு, ஏன் அவனுக்கு மட்டும் தொறக்குதுன்னு கடைசி வரைக்கும் யாரும் வெளக்கல, மொதல்ல கோவமா தான் இருந்துச்சு.

அந்த கோவத்தோட இருக்கும்போது தான் நீங்க ஞாபகத்துக்கு வந்தீங்க. நீலி கதை. அதே லீவுல, அதே வீட்டு மொட்டமாடியில, ஜெயில் பயத்துல நான் தூங்காம கெடந்தப்ப நீங்க சொன்னது. பழையனூர்ல புருஷன் கையால செத்த பொண்ணு, பேயா வந்து, கள்ளிக் கொம்ப கொழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நியாயம் கேட்டது, அவனுக்கு உசுரு பிணைன்னு வாக்கு குடுத்த எழுபது வேளாளரும் தீயில எறங்கினது. பேய் பயம் போகறதுக்கு பேய் கதையே சொன்னீங்க, பயம் போயிடுச்சு, ஏன்னா அந்த பேயி செத்தவ பக்கம்.

நம்ம கதைங்கள்ல பாத்தீங்கன்னா பெரும்பாலும் அப்படித்தான், அநியாயமா செத்த பொண்ணு பேயாவா, இல்லன்னா சாமியாவா, ஊரு பயந்தாவது அவ பேர சொல்லி பொங்க வைக்கும். கொன்னவன் பேரு தான் மறந்து போகும். இந்த நாவல்ல அந்த சக்தி கொல்றவன் பக்கம் நிக்குது, வீடே அவனுக்கு கதவ தொறந்து விடுது, செத்தவங்க யாரும் திரும்பி வரல. வேற யாரும் வராததால உசுரோட இருக்கற கிர்பி தான் நீலி வேலைய பாக்க வேண்டியிருக்கு, தழும்போட, சம்பளம் கூட ஒழுங்கா இல்லாம, பேப்பர் கட்டிங்க வச்சுக்கிட்டு. இது புரிஞ்ச அப்புறம் வெளக்கம் வேணும்னு எனக்கு தோணவே இல்ல.

ஹார்ப்பர் பேர நான் இப்ப உங்களுக்கு எழுதறதுக்கே யோசிக்க வேண்டியிருந்துச்சு சித்தி. புக்கு முழுக்க அவன் நொண்டிக்கிட்டு திரியற ஒரு அல்ப ஆளு, அவ்ளோ தான், அறிவாளி வில்லன் கெடையாது. ஜோரா, கிர்பி, அந்த டான்ஸர் பொண்ணு ஜானெட், இவங்க பேரெல்லாம் ஒடனே வந்துடுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில மொத பஸ் புடிச்சு எறங்கி வர்றேன், இருவது வளைவும் மழையில வழுக்காம இருந்தா பத்து மணிக்குள்ள அஸ்தம்பட்டில இருப்பேன். புக்கு கொண்டு வர்றேன். உங்க பஸ் டிக்கெட்ட எடுத்து ஜோரா அத்தியாயத்துல வச்சிருக்கேன், அது மட்டும் படிங்க, முன்னாடி பின்னாடி எதுவும் வேணாம். படிச்சிட்டும் புடிக்கலன்னா நான் திரும்ப கேக்கவே மாட்டேன். ஆனா எனக்கு அன்னைக்கு நீலி கதைய மறுபடி ஒரு தடவ முழுசா சொல்லணும் நீங்க, பாப்பாவும் கூட வர்றா, அவளுக்கும் இப்ப எட்டு வயசு.

உங்க
கண்ணம்மா
ஏற்காடு