சிகோங் கற்பிக்க யாருக்குத் தகுதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மூச்சோடு உடலை அசைக்கும் சீனப் பயிற்சியான சிகோங்கைக் கற்றுத்தரச் சான்றிதழ் வேண்டுமா, குருவிடம் பல ஆண்டு இருந்து கற்றதே போதுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் சேர்ந்துவிடுகின்றன. ஒரு கட்சி சட்டம் போட்டு மாட்டிய தாளைக் காட்டுகிறது. மற்றது குருவின் பெயரையும் அவருடைய குருவின் பெயரையும் அடுக்குகிறது. எதிரே நிற்கும் மாணவரின் முழங்கால் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை இரு கட்சியும் பேசுவதில்லை. கற்பிப்பவரின் தகுதி அங்கேதான் தெரியும்.

முதலில் பரம்பரைக் கட்சிக்கு ஒரு வார்த்தை. மூச்சோடு உடலை அசைக்கும் பயிற்சி சீனாவில் மிகப் பழையது. கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையிலிருந்து 1973-இல் எடுத்த பட்டுத்துணியில் 44 உருவங்கள் இப்படிப்பட்ட நிலைகளில் தீட்டப்பட்டுள்ளன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘சிகோங்’ என்ற பொதுப்பெயர் பரவியது 1950-களில்தான். கிராமத்து ஆசான் ஒருவரிடம் கற்ற லியூ குய்ஜென், அந்தப் பயிற்சியைச் சுகாதார நிலையத்துக்குள் கொண்டுபோய், நோயாளிகளுக்குக் குழுவாகச் சொல்லிக்கொடுக்கும் முறையாக மாற்றினார். குருவின் திண்ணையிலிருந்து வகுப்பறைக்குப் போன வித்தை என்ற அடையாளம் இந்தப் பெயரோடு பிறந்தது. ஆகவே பாடத்திட்டமும் தேர்வும் வெளியிலிருந்து வந்த கலப்படம் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

தகுதி பார்த்து உள்ளே விட வாசலில் யாருமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சீனா பார்த்துவிட்டது. 1980-களில் எழுந்த சிகோங் அலையில் அரங்கு பிடிக்க முடிந்தவரெல்லாம் மகா குரு ஆனார்கள். தொலைவில் இருந்தே நோய் தீர்ப்பதாகச் சொன்னவர்களுக்கும் கூட்டம் கூடியது. பிறகு 2000-இல் சீனச் சுகாதார அமைச்சு, சிகிச்சையாகச் சிகோங் செய்ய மருத்துவத் தகுதி வேண்டும் என்று விதி போட்டது. 2003-இல் விளையாட்டுத் துறை எட்டுப் பட்டுத்துண்டு (பா துவான் ஜின்), ஐந்து விலங்கு விளையாட்டு, ஆறெழுத்து மூச்சு, தசைநார் மாற்றம் (யி ஜின் ஜிங்) ஆகிய நான்கு பயிற்சித் தொகுப்புகளைத் தரப்படுத்தி வெளியிட்டது. அசைவு, வரிசை, எண்ணிக்கை எல்லாம் அதில் தெளிவாக இருக்கின்றன. தேர்வு வைக்க வசதியான பொருள். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்: வசதியாகச் சோதிக்க முடிவதைத்தான் தேர்வு சோதிக்கிறது.

எட்டு அசைவுகள் கொண்ட எட்டுப் பட்டுத்துண்டையே எடுத்துக்கொள்வோம். முதல் அசைவில் விரல்களைக் கோத்து உள்ளங்கையை வானம் பார்க்க உயர்த்த வேண்டும். தரப்படுத்திய தொகுப்பில் ஆறு முறை. தேர்வு எழுதுபவர் இதை அழகாகச் செய்வார். வகுப்பில் ஒருவர் செய்யும்போது என்ன நடக்கிறது? தோள்மூட்டு இறுகிப்போனவருக்குக் கை முழுதாக மேலே போகாது. போகாத தூரத்தை இடுப்பு ஈடுகட்டும்: கீழ் விலா முன்னே துருத்தும், இடுப்பு முதுகு வில்லாக வளையும். முன்னால் நின்று பார்த்தால் கை நேராக, நிலை சரியாகவே தெரியும். பக்கவாட்டில் போய் நின்றால்தான் தப்பு பிடிபடும். விலா துருத்தத் தொடங்கும் இடத்திலேயே கையை நிறுத்தச் சொல்வதுதான் திருத்தம், அது நெற்றி உயரமே ஆனாலும் சரி. முன்பக்கம் மட்டும் எடுத்த காணொளியைப் பார்த்து மதிப்பெண் போடும் சான்றிதழ்களை நம்பத் தயங்குவதற்கு இந்த ஒரு அசைவே போதும்.

இரண்டாவது அசைவில் வில் இழுப்பது போலச் செய்ய, குதிரை மேல் உட்கார்ந்தது போலக் கால்களை அகட்டி மடக்கும் குதிரை நிலையில் இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சரியும். “முழங்காலை வெளியே தள்ளு” என்று பத்து முறை கத்தினாலும் நிற்காது. தொடை அந்தத் தாழ்வைத் தாங்கவில்லை என்பதுதான் காரணம். பாதங்களைச் சற்றுக் கிட்டே கொண்டுவந்து, நிலையை நாலு விரல் உயர்த்தினால், முழங்கால்சில்லு தானாகவே இரண்டாவது கால்விரலுக்கு நேராக வந்துவிடும். ஆறாவது அசைவில் குனிந்து பாதம் தொட வேண்டும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கண்ணழுத்த நோய், இடுப்புப் பகுதி முதுகெலும்புத் தட்டுப் பிதுக்கம் உள்ளவர்களை முழங்கால் வரைக்கும்தான் அனுப்பலாம், தலை இதயத்துக்குக் கீழே போகக் கூடாது. எட்டாவதில் குதிகாலைத் தூக்கி ஏழு முறை இறக்குவது. ஏழு அதிர்வில் நூறு நோய் ஓடும் என்று பழைய பாட்டு சொல்லும். எலும்பு தேய்ந்து மெலிந்த முதுகெலும்புக்கு அந்த அதிர்வு ஆகாது. சத்தமில்லாமல் இறக்கினால் போதும்; பாட்டு கோபித்துக்கொள்ளாது.

இதையெல்லாம் எந்தத் தாள் சோதிக்கிறது? 200 மணி நேரம் என்று போட்டிருந்தால், 200 மணி நேரம் வகுப்பில் இருந்தார் என்று பொருள். அதில் எத்தனை மணி நேரம் ஆசானின் கண் அவர் மேல் இருந்தது, எத்தனை பேரின் தவறை அவரே திருத்திப் பார்த்தார் என்பது தாளில் வராது.

மரமாக நிற்கும் நிலைக்கு வந்தால் குருவழியின் அருமை புரியும். பாதங்கள் தோளகலம், முழங்கால் லேசான மடிப்பு, கைகள் ஒரு பானையைக் கட்டிப்பிடித்தது போல. புதியவருக்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டாவது நிமிடத்தில் தோள் காதை நோக்கி ஏறும். மூன்றாவதில் முழங்கால் பூட்டிக்கொள்ளும். அப்படியே அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளாது, காலில் தேங்கும், கண் இருட்டும், ஆள் சாய்வார். “வால் எலும்பை உள்ளே கொண்டுவா” என்று வாயால் சொன்னால் பிட்டத்தை இறுக்கிக்கொள்வார், மூச்சு நெஞ்சுக்கு ஏறிவிடும். பழைய ஆசான் வாய் திறக்க மாட்டார். ஒரு உள்ளங்கை திரிகத்தின் (முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பு) மேல், இன்னொன்று தொப்புளுக்குக் கீழே, “என் கையைத் தள்ளி மூச்சுவிடு” என்று மட்டும் சொல்வார். இரண்டு மூச்சில் பிட்டம் தளரும், இடுப்பு தானே இறங்கும். ‘வாயால் சொல்லி, மனத்தால் கொடுப்பது’ என்று சீனத்தில் இதைச் சொல்வார்கள்; உண்மையில் பாதி கையால் கொடுப்பதுதான். அறுபது வயதுக்காரருக்கு அவர் கை எங்கே போனது, இருபது வயதுக்காரருக்கு எங்கே போனது என்று கூடவே நின்று பார்த்தவருக்கு மட்டும் அது வரும். தொடுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்பதைப் பல குருக்கள் கற்றதே இல்லை; அது நல்ல சான்றிதழ் வகுப்புகள் சேர்த்த நல்ல பழக்கம்.

ஆனால் குருவழியின் பெரிய ஓட்டை, தவறுக்கும் தத்துவம் சொல்லிவிடும் அதன் சாமர்த்தியம். மூச்சை நீட்ட வேண்டும் என்ற ஆசையில் மாணவர் ஆழமாக, அடிக்கடி இழுக்கிறார். ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. உதடும் விரல்நுனியும் மரத்துக் குறுகுறுக்கும், தலை லேசாகும், மேலும் போனால் விரல் இழுத்துக்கொள்ளும். “சி (உயிர்சக்தி) நகர்கிறது, விடாதே” என்று மகிழும் ஆசான் இருக்கிறார். எண்ணுவதை நிறுத்தி, உட்கார வைத்து, மூச்சை அதன் போக்கில் விடச் சொல்ல வேண்டிய நேரம் அது. முழங்கால் வலித்தால் ‘அடைப்பு திறக்கிறது’, தூக்கம் கெட்டால் ‘சுத்தமாகிறது’ என்று விளக்கம் வந்துகொண்டே இருந்தால் கேட்க வெளியாள் யாரும் இல்லை. மனம் கலங்குவதும் உண்டு. பயிற்சியாளர்களே பழங்காலத்திலிருந்து அதை எச்சரித்து வந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1994-ஆம் ஆண்டுக் கையேடான டி.எஸ்.எம்.-4, சிகோங்கை ஒட்டி வரும் மனப்பிறழ்வு எதிர்வினையைத் தன் பிற்சேர்க்கையில் சேர்த்தது. மனநோய்க்கு மருந்து எடுப்பவரை நீண்ட தியான மூச்சில் உட்கார வைக்கக் கூடாது; மருந்து எடுக்கிறாரா என்று ஒரு சாதாரணப் படிவம் முன்பே கேட்டு வைத்திருக்கும். குருவின் முற்றத்தில் அந்தப் படிவம் இருக்காது.

ஆகவே சான்றிதழ் இருக்கட்டும், தேர்வை மாற்றுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. தொகுப்பை அழகாகச் செய்துகாட்டுவதற்குப் பாதி மதிப்பெண்கூட வேண்டாம். முன்பின் தெரியாத மூன்று பேரை நிறுத்துங்கள்: முழங்கால் தேய்ந்தவர் ஒருவர், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் ஒருவர், நல்ல உடல்நலத்தோடு அவசரப்படுபவர் ஒருவர். ஆளுக்குப் பத்து நிமிடம். எதைப் பார்த்தார், எதை முதலில் திருத்தினார், எதை வேண்டாம் என்றார், கடைசியில் கையை அடிவயிற்றுக்குக் கொண்டுவந்து முறையாக முடித்துவைத்தாரா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அதைக் கையெழுத்திடத் தகுதி உள்ளவர்கள் பெரும்பாலும் குருவழியில் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். தாளில் தொகுப்பின் பெயர், கற்பித்தவர் பெயர், நேரில் கற்ற மணி நேரம் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும்.

வகுப்பில் சேர நினைப்பவர் சுவரில் உள்ள தாளைப் பார்த்த பிறகு ஒரு கேள்வி கேட்கலாம்: “இதை யார் செய்யக் கூடாது?” எல்லாரும் செய்யலாம் என்று பதில் வந்தால், செருப்பைக் கழற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
சிகோங் பயிற்றுநர்கள் சிலர்